சிவப்பு அட்டை கட்டிய இடியாப்ப உரல்

எங்கள் அப்பாவுக்கு ஒரு பொருள் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்தால் பொறுக்காது. ஸ்க்ரூடிரைவர் என்றால் அது பெயின்ட் டப்பாவையும் திறக்க வேண்டும், ஜன்னல் கொக்கிக்கு முட்டுக்கொடுக்கவும் வேண்டும். துண்டு என்றால் முகமும் துடைக்க வேண்டும், பஸ்ஸில் இடமும் போட வேண்டும். இது வெறும் குணமாக இருந்தவரை நாங்கள் பொறுத்துக்கொண்டோம். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அது கொள்கையாக மாறி எங்கள் சமையலறைக்குள் நுழைந்துவிட்டது. அதனால்தான் இன்றைக்கும் யாராவது 'எளிய குடும்பத்துக்கு ஏழே பாத்திரம்' என்று செல்போனில் வீடியோ அனுப்பினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் கணவர் மாதத்துக்கு ஒன்றாவது அனுப்பிவிடுகிறார்.

அப்போது நாங்கள் அணுபுரத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு மின் நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் வேலை. காலை ஏழு பத்துக்கு எங்கள் தெருமுனையில் பஸ் வரும். அந்த பஸ்ஸை அவர் ஒரு நாளும் விட்டதில்லை என்பதை, எங்கள் வீட்டுக்கு வரும் எவரும் பத்து நிமிடத்துக்குள் தெரிந்துகொண்டுவிடுவார்கள். அவரே சொல்லிவிடுவார்.

அம்மா கல்யாணத்துக்கு முன்பே டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள். செய்யூர்ப் பக்கம் அவள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். படித்துச் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அவளுடைய அண்ணன், அதாவது என் மாமா, பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ் ஏறியதால்தான் அவள் படிக்க முடிந்தது. அந்தச் சான்றிதழ் பதினோரு வருடமாக பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் படுத்திருந்தது. ஒவ்வொரு வருடமும் அம்மா வேலைக்குப் போகட்டுமா என்று கேட்பாள். ஒவ்வொரு வருடமும் அப்பா, "போலாம், இப்ப என்ன அவசரம்?" என்பார்.

அந்த வருடம் சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் இடம் காலியாக இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்துவிட்டு, வருகிற திங்கட்கிழமை விட்டு அடுத்த திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். பள்ளி வேன் ஏழே காலுக்கு எங்கள் பிளாக் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். இதற்குமேல் சாக்குச் சொல்ல அப்பாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே நிபந்தனை போட்டார். ஒரு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, ஒத்திகை பார்க்க வேண்டும். ஏழு மணிக்குள் எல்லோரும் டிபன் சாப்பிட்டு, எனக்கும் தம்பிக்கும் சேர்த்து நாலு டப்பாவும் மூடி, அம்மா புடவை கட்டித் தயாராக நிற்க வேண்டும். ஐந்து நாளும் நடந்தால் வேலைக்குப் போகலாம். ஒரு நாள் தவறினாலும் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும்.

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒத்திகை வெற்றி பெற வேண்டும் என்று அவரும் மெனக்கெட்டார். அவர் மெனக்கெட்டதுதான் வினை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, "இங்க வேலை அதிகமில்ல. சாமான்தான் அதிகம். எடுக்கறதும் கழுவறதும் வைக்கறதுமே பாதி நேரம் போவுது. ஒரு சாமான்னா மூணு வேலையாவது செய்யணும். செய்யாததெல்லாம் பரணுக்கு" என்றார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள்.

அவருடைய வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்க்கும் இயந்திரத்தை யாரும் தப்பித்தவறி ஓட்டிவிடக் கூடாது என்று அதில் 'டேக்' என்று ஒரு சிவப்பு அட்டை கட்டிவிடுவார்கள். கட்டியவர் கையால்தான் அதை அவிழ்க்க வேண்டும். வேறு யார் தொட்டாலும் பெரிய குற்றம். உயிர் போகிற இடத்தில் நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்பா பழைய நோட்டு அட்டைகளைக் கத்தரித்து, என் சிவப்பு ஸ்கெட்ச் பேனா தீருகிற வரைக்கும் தீட்டி, சணலில் கோத்து, பணியாரக் கல்லுக்குக் கட்டினார். இட்லிப் பானை, இடியாப்ப உரல், அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, சப்பாத்திக் கட்டை, தாளிப்புக் கரண்டி, மத்து என்று ஒன்றையும் விடவில்லை. மிஞ்சியவை ஏழு: குக்கர், கடாய், தோசைக்கல், மிக்ஸி, ஒரு குண்டான், ஒரு கத்தி, ஒரு கரண்டி. கரண்டியிலேயே தாளித்துக்கொள்ளலாம், தண்ணீர் பாட்டிலால் சப்பாத்தி தேய்க்கலாம், தோசைக்கல்லைக் குண்டானுக்கு மூடியாகப் போடலாம், இட்லியை குக்கரில் வேகவைக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொன்னார். டீ வடிகட்டிக்குக்கூட அட்டை கட்டினார். அது மட்டும் மறுநாளே மேல்முறையீட்டில் ஜெயித்து இறங்கி வந்துவிட்டது, ஏனென்றால் எங்கள் வீட்டில் டீ குடிப்பவர் அப்பா.

எனக்கு இன்றுவரை தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுவது எதற்கென்றால், அந்தச் சமையலறையில் ஒரு வேலைகூடச் செய்யாமல் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு அட்டை கட்டலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. காலையில் நாலு டப்பாவை மூடுவதற்கு இரண்டு கை கூடுதலாக இருந்தால் போதும் என்பது அவ்வளவு பெரிய பராமரிப்புப் பிரிவுக்கும் எட்டவில்லை.

மத்தியானம் மாமா வேர்க்கடலை மூட்டையோடு வண்டியில் வந்தார். கூடத்தில் சாமான்கள் வரிசையாக அட்டையோடு நின்றதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா மச்சான் இது, சட்டி பானைக்கெல்லாம் கழுத்துல கயிறு கட்டி நிக்க வச்சிக்கிற? இன்னா தப்பு பண்ணுச்சிங்க அதுங்க?"

அப்பா பொறுமையாக விளக்கினார். மாமா முழுதும் கேட்டுவிட்டு, கை கழுவுகிற சாக்கில் அம்மாவிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார். "அவருதான் ஏதோ பண்ணிக்கினு கீறாருன்னா நீ இன்னாத்துக்கு எல்லாத்துக்கும் தலையாட்டிக்கினு கீற? நம்ம வூட்டு சாமானும்மா இது. நான் எட்த்துனு போயிடட்டா?"

"வேணாண்ணா. பரண்லயே கெடக்கட்டும். அஞ்சே நாளு. அஞ்சு நாளு பல்லக் கடிச்சிக்கினு ஓட்டிட்டா நான் வேலைக்குப் போயிடுவேன். அதான் எனக்கு வேணும், வேற ஒண்ணும் வேணாம்."

நான் பக்கத்தில்தான் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. மண்டையில்தான் ஏறவில்லை.

திங்கட்கிழமை எலுமிச்சை சாதம். செவ்வாய்க்கிழமை தக்காளி சாதம். புதன்கிழமை மறுபடியும் எலுமிச்சை சாதம், இந்தமுறை கரண்டியில் தாளித்ததில் கடுகு கருகி, வாயில் போட்டால் கரி கடித்த மாதிரி இருந்தது. டிபனுக்கு மூன்று நாளும் உப்புமா. கடாயில் உப்புமா வேகும்போது குக்கரில் சோறு வெந்துவிடும், இரண்டும் முட்டிக்கொள்ளாது என்று அம்மா கண்டுபிடித்திருந்தாள். ஆறே முக்காலுக்கு டப்பாக்களை மூடி, ஆறு ஐம்பத்தைந்துக்குப் புடவை கட்டி, வாசலில் போய் நின்று காட்டுவாள். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து, காலண்டரில் அந்தத் தேதிக்கு நேரே ஒரு டிக் போடுவார். அம்மா மறுபடி உள்ளே வந்து புடவையை மாற்றிக்கொண்டு பாத்திரம் கழுவுவாள். நடக்காத வேலைக்குத் தினமும் கிளம்பி வாசல்வரை போய்வந்தவளை நினைத்தால் எனக்கு இப்போது என்னவோ செய்கிறது. அப்போது சிரிப்பாக இருந்தது. தம்பி எதைப் போட்டாலும் தின்கிறவன், அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்குத்தான் மானப் பிரச்சினை. வெள்ளிக்கிழமை என்றால் என் டப்பாவில் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் இருக்கும் என்பது வகுப்புக்கே தெரியும். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் நாலு திசையிலிருந்தும் வந்தவர்கள். நாகர்கோவில்காரி நேந்திரங்காய் வறுவல் கொண்டு வருவாள், மதுரைக்காரி சீப்புச் சீடை கொண்டு வருவாள். அந்தச் சந்தையில் என் இடியாப்பத்துக்குத்தான் மவுசு. அந்த வாரம் மூன்று நாள் சாதத்தைத் திறந்ததும், நாகர்கோவில்காரி எட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் அடுப்பு ரிப்பேரா என்று கேட்டாள். வியாழக்கிழமை புளிசாதத்தைத் திறந்தபோது அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும், அம்மா மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன நேரத்தில், சமையல் மேடைமேல் ஏறிப் பரணில் கைவிட்டுச் சாக்குமூட்டையைப் பிரித்தேன். இடியாப்ப உரலை இழுத்து, அதன் கைப்பிடியில் கட்டியிருந்த சிவப்பு அட்டையைப் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டேன். உரலைக் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா துணிக்குவியலோடு வந்தாள். உரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஒரு நாளு பொறுத்துக்கோ கண்ணு. அடுத்த வாரத்துலேர்ந்து எல்லாம் செஞ்சி தரேன்."

பத்து வயதுப் பிள்ளைக்கு அது போதாதா? எனக்குப் போதவில்லை. "நீ வேலைக்குப் போறதுக்கு நான் ஏன் தினம் சோத்தத் தின்னுகினு அசிங்கப்படணும்?" என்று கத்தினேன். அழுகையும் சேர்ந்து வந்தது. அதைப் பெருக்கி அழுதேன் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அம்மா துணியைக் கட்டில்மேல் போட்டுவிட்டு மடிக்க ஆரம்பித்தாள். பிறகு மாவு டப்பாவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். உரலைத் துடைத்து குண்டானுக்குள் கவிழ்த்து வைத்தாள், அப்பா கண்ணில் படாமல்.

வெள்ளிக்கிழமை அவள் நாலரை மணிக்கே எழுந்துவிட்டாள். அரை மணி முன்னால் எழுந்தால் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். அவளுடைய சுறுசுறுப்புக்குச் சமாளித்தும் இருப்பாள், ஆனால் அப்பாவின் ஏழு பாத்திரங்கள் விடவில்லை. ஒரு பாத்திரம் மூன்று வேலை செய்யும் என்று கணக்குப் போட்டவர், அந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யாது என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நாலு நாளும் அது வெளியே தெரியாமல் இருந்தது அம்மாவின் சாமர்த்தியம்.

மதியச் சோறு குக்கரில் இருந்தது. இடியாப்பம் வேகவைக்கவும் குக்கர்தான் வேண்டும். ஆவி அடங்கி, சோற்றைக் குண்டானுக்கு மாற்றி, குக்கரைக் கழுவித் திரும்ப ஏற்றும்போது மணி ஆறு தாண்டிவிட்டது. தேங்காய்த் துருவி பரணில். கத்தியால் கீறிக் கீறி எடுத்தாள். அதே கத்திக்காகக் காய் காத்திருந்தது. மிக்ஸியில் தேங்காய் அரைக்க வேண்டும், அதிலோ குழம்புக்கு அரைத்த மிளகாய் இருந்தது. கழுவாவிட்டால் பால் காரமாகிவிடும். ரேஷன் கடையில் நிற்பது போல எல்லா வேலையும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. நான் எழுந்து வந்தபோது அம்மா நெற்றியெல்லாம் வேர்த்து, இரண்டு கையாலும் உரலை அழுத்திக்கொண்டிருந்தாள். எனக்குப் பரம சந்தோஷம். பல்கூடத் தேய்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தது ஆறு ஐம்பத்தைந்து. அப்போதுதான் முதல் ஈடு இறங்கியது. நான்கு நாள் உப்புமா தின்ற நாக்கு அவருக்கும்தானே இருந்தது? எந்தச் சாமானில் செய்தது, எங்கிருந்து வந்தது என்று ஒன்றும் கேட்கவில்லை. நாலு சாப்பிட்டார். தேங்காய்ப் பாலை ஊற்றச் சொன்னார். அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னாங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது, டப்பா இன்னும் கட்டல" என்றாள். "ம், இன்னும் ரெண்டு வை" என்றார். அடுத்த ஈடு வெந்து வந்தது. அதிலும் மூன்று வாங்கினார். தெருமுனையில் ஹாரன் அடித்தது. அவர் ஈரக் கையோடு எழுந்து, செருப்பை மாட்டி, படியிறங்கி ஓடினார். பஸ் போய்விட்டது.

திரும்பி வந்தவர் முகத்தை நான் மறக்கமாட்டேன். கைக்கடிகாரம் ஏழு பதினாலு காட்டியது. மேடையில் நாலு டப்பாவும் திறந்து கிடந்தன. அம்மா நைட்டியில் இருந்தாள், முழங்கை வரைக்கும் மாவு. அப்பாவின் பார்வை ஒவ்வொன்றாகப் போய் உரலில் நின்றது.

"யாரு டேக்கை எடுத்தது?"

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவுக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன்.

"நாந்தான் எடுத்தேன்" என்றாள் அம்மா.

"நான் போட்ட ரூலை நீயே மீறினா, அப்புறம் என்ன ஒத்திகை? நான் அப்பவே சொன்னேன், இது ஒத்துவராதுன்னு." அவ்வளவுதான் சொன்னார். சத்தம்கூடப் போடவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏழு இடியாப்பம் தின்ற மனிதர். அதை அம்மா சொல்லியிருக்கலாம் இல்லையா? நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் பஸ்ஸை விட்டீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரே குக்கரை வைத்துக்கொண்டு நான் எதை வேகவைப்பேன் என்று கேட்டிருக்கலாம். இதோ நிற்கிறாளே, இவள்தான் எடுத்தாள் என்று என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஒன்றுமே செய்யாமல், காலண்டரில் டிக் போடாத அந்தக் கட்டத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, மிச்ச மாவை உருட்டினாள். இருபது வருடமாக எனக்கு அவள்மேல் இந்தக் கோபம் இருக்கிறது. கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்குடி?" என்பாள். என்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.

அன்று வகுப்பில் என் டப்பாவைச் சுற்றி நாலு பேர் கூடினார்கள். சாயங்காலம் அம்மா பள்ளிக்கு போன் போட்டு, "வர முடியாதுங்க மேடம், வூட்டுல தோதுபடல" என்றாள். சனிக்கிழமை அப்பா பரணில் ஏறி எல்லா அட்டையையும் தன் கையாலேயே அவிழ்த்து, சணலை வீணாக்காமல் உருண்டையாகச் சுற்றி வைத்தார். இட்லிப் பானை அதன் இடத்துக்கு வந்தது. அரிவாள்மணை வந்தது. அம்மா எங்களோடு வீட்டிலேயே இருக்கப்போகிறாள், பள்ளி விட்டு வந்தால் கதவு திறந்திருக்கும் என்று நான் தம்பியிடம் சொன்னேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். வண்டியை நிறுத்தும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். கையில் பெரிய கடைப் பை. அதற்குள்ளிருந்து காபிப்பொடி நிறத்தில் ஒரு கைப்பையை எடுத்தார். உள்ளே பேனா வைக்கத் தனி அறை, டப்பா வைக்கத் தனி அறை, பக்கவாட்டில் குடை செருக ஒரு வார்.

"நாளைக்கு மொதல் நாளு, டீச்சரம்மா மஞ்சப் பையா எட்த்துனு போவாங்க? டி நகர் வரிக்கும் போயி வாங்கினேன். ஜிப்பு இஸ்த்துப் பாரு, எப்டி கீது?"

அம்மா அதை வாங்கி ஜிப்பைத் திறந்து மூடினாள். இன்னொருமுறை திறந்து மூடினாள். "நான் போவலண்ணா" என்றாள். "வூட்டுல வேலை சரியா இருக்குது. பாப்பா வச்சிக்கட்டும், அவளுக்கு நல்லா இருக்கும்."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா செய்தித்தாளைத் திருப்பினார். நான் அதற்குள் பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிவிட்டேன். அது என் முட்டிவரை தொங்கியது. நாகர்கோவில்காரி வீடு, மதுரைக்காரி வீடு, எதிர் பிளாக் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சுற்றி, ஒவ்வொரு வாசலிலும் ஜிப்பைத் திறந்து மூடிக் காட்டிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மாமாவின் வண்டி இல்லை. போட்ட தட்டு போட்டபடி இருந்தது. எப்போதும் சாப்பிட்டுவிட்டுத்தானே போவார், அன்றைக்கு அவருக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவருக்கு வைத்த இடியாப்பத்தையும் நானே உட்கார்ந்து தின்றேன்.